30 பாட் வைத்தியமும் எண்ணெய்ப் பணமும்

தாய்லாந்தின் முன்னாள் பிரதமர் தக்சின் ஷினவத்ராவையும் வெனிசுலாவின் மறைந்த அதிபர் ஹ்யூகோ சாவேஸையும் வெகுஜனக் கவர்ச்சி அரசியல் என்று ஒரே கூடையில் போடுவது வழக்கம். ஒருவர் தொலைத்தொடர்புக் கோடீஸ்வரர், இன்னொருவர் முன்னாள் ராணுவ அதிகாரி. இருவரையும் தூக்கி நிறுத்தியது ஏழைகளின் ஓட்டு. சரி, கொடுத்ததை எப்படிக் கொடுத்தார்கள்?

2001-ல் ஜெயித்த தக்சின், ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனால் 30 பாட் (தாய்லாந்து நாணயம்) கட்டினால் போதும் என்றார். 2002-ல் அது சட்டமானது. தலைக்கு இவ்வளவு என்று பட்ஜெட்டிலிருந்து ஆஸ்பத்திரிகளுக்குப் பணம் போகும். 2006 செப்டம்பரில் ராணுவம் அவரைக் கவிழ்த்தது. திட்டத்தைக் கைவிட முடியவில்லை. ராணுவம் அமர்த்திய அரசு நோயாளி கட்டும் அந்த 30 பாட் கட்டணத்தையும் வேண்டாம் என்றுவிட்டது, அதுதான் வேடிக்கை.

சாவேஸ் 2003-ல் தொடங்கிய ‘மிசியோன்’கள் என்ற மக்கள் நலத் திட்டங்கள் வேறு ரகம். குடிசைப் பகுதிகளுக்கு கியூப டாக்டர்கள் வந்தார்கள், எழுத்தறிவு வகுப்புகள் நடந்தன. மக்களுக்குப் பலன் கிடைத்தது உண்மை. ஆனால் பணத்தில் பெரும்பகுதி அரசு எண்ணெய் நிறுவனத்திலிருந்து, வழக்கமான பட்ஜெட்டைச் சுற்றிக்கொண்டு வந்தது. 2013-ல் அவர் இறந்தார், 2014-ல் எண்ணெய் விலை சரிந்தது. அப்புறம் மருந்துத் தட்டுப்பாடு, கட்டுக்கடங்காத விலைவாசி. 70 லட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டைவிட்டே போய்விட்டார்கள்.

திட்டம் என்று பார்த்தால் என் ஓட்டு தாய்லாந்துக்குத்தான். தக்சினுக்கு அல்ல. 2003-ல் போதை ஒழிப்பு என்ற பெயரில் மூன்றே மாதத்தில் 2,000-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அதற்கும் மக்களிடம் கைதட்டல் கிடைத்தது.