குறோனிங்கனில் இருந்து கடல் வரைக்கும்: ஒரு சின்னக் கோச்சி (ரயில்) பயணம்

மட்டக்களப்புப் பாதையில் சின்ன ஸ்டேஷன்களில் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகளைப் பார்க்க நெதர்லாந்து போனபோது, "அப்பா, எங்க போகணும்?" எண்டு கேட்டாள். கோச்சி முடியிற இடத்துக்குக் கூட்டிப் போ எண்டன்.

குறோனிங்கன் ஸ்டேஷன் 1896இல் கட்டினது. மண்டபத்தின் கூரையில் இருக்கும் வண்ண வேலைப்பாடு முழுக்கக் காகிதக் கூழில் செய்ததாம். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தேன்.

அங்கிருந்து வடக்கே ஏம்ஸ்ஹாவன் துறைமுகத்துக்கு டீசல் கோச்சி. சௌவேர்டில் டெல்ஃப்சைல் பாதை பிரிகிறது, அது 1884இல் வந்தது. எங்களுக்கு, திருகோணமலைப் பாதையும் மட்டக்களப்புப் பாதையும் பிரியிற கல்ஓயாச் சந்தி மாதிரி. நாங்கள் போன கிளை றோடஸ்கோல் வரைக்கும் 1893இல் போட்டது. றோடஸ்கோல் எண்டால் சிவப்புப் பள்ளிக்கூடமாம்.

எனக்குப் பிடித்தது ஏறும் வாசல். ஒரு வயதான அம்மா நாலு சில்லு நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு நேராக உள்ளே வந்தா. படி இல்லை, கை கொடுக்க ஆளும் தேவையில்லை. எங்கட பெட்டிகளில் தாய்மாரைத் தூக்கி ஏற்றிய நாட்கள் நினைவுக்கு வந்தன. பாதை பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளம். வழியில் ஓரிடத்தில் எதிர்க்கோச்சிக்காக நின்றது. ஒற்றைப் பாதையில் போக அனுமதியாகக் கொடுக்கிற டேப்லட் வளையத்தை நீட்ட ஆள் வருவார் எண்டு என்னை அறியாமல் ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். சிக்னல் மட்டும் மாறியது.

வெளியில் எங்கட மட்டக்களப்புப் படுவான்கரை வயல் போல கண்ணெட்டும் தூரம் சமதரை. வார்ஃபும் எண்ட ஊர் மட்டும் மேடு. கடலணை கட்ட முந்தி, வெள்ளத்துக்குப் பயந்து சனங்கள் மண்ணைக் குவித்து அதன் மேல் குடியிருந்திருக்கிறார்கள்.

நூற்றிருபது வருஷத்துக்கு மேல் பயணிகள் கோச்சி றோடஸ்கோலோடு நின்றது. 2018 மார்ச்சில்தான் ஏம்ஸ்ஹாவன் வரைக்கும் நீட்டினார்கள். அதுவும் போர்க்கும் எண்ட ஜேர்மன் தீவுக்குப் போகும் கப்பலுக்காக. இறங்கினால் கப்பல் பக்கத்திலேயே நிற்கிறது. சில கிலோமீட்டர்தான் கூட்டினார்கள், ஆனால் பெட்டி உருட்டிக்கொண்டு கப்பலுக்குப் போகும் குடும்பங்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! எங்கட பாதை மட்டக்களப்போடு நிற்கிறது. கல்முனை, அக்கரைப்பற்று, பொத்துவில் சனத்துக்கு இன்னும் பஸ்தான். கடலைப் பார்த்துக்கொண்டு நிற்கையில் மனம் அங்கேதான் ஓடியது.

போகிற ஆக்களுக்கு: எல்லாக் கோச்சியும் ஏம்ஸ்ஹாவன் போகாது, நாளுக்குச் சில தடவைதான். கப்பல் நேரத்தோடு பார்த்துப் போங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் டிக்கெட்டாகப் பாவிக்கிற கார்டை ஸ்டேஷனில் இருக்கிற கருவித் தூணில் காட்ட மறக்க வேண்டாம். வடக்குக் காற்று கடுமை, காது மூடுகிற தொப்பி கட்டாயம்.