நேரலை வகுப்பா, வானொலிப் பாடமா?

2020 ஏப்ரலில் கொரோனாவால் உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைப்பட்டது. அரசுகளின் கையில் முக்கியமாக இரண்டு வழிகள் இருந்தன: ஒன்று இணையவழி நேரலை வகுப்பு, மற்றது வானொலி அல்லது தொலைக்காட்சிப் பாடம்.

கற்பிக்கும் முறையாக மட்டும் பார்த்தால் இணையமே மேல். மாணவர் கேள்வி கேட்கலாம், ஆசிரியர் உடனே திருத்தலாம். ஆனால் எத்தனை பேருக்கு அது வாய்த்தது? யுனிசெஃபும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் அந்த ஆண்டு இறுதியில் வெளியிட்ட கணக்குப்படி, 3 முதல் 17 வயதுவரை உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர், அதாவது 130 கோடிப் பேர், வீட்டில் இணையம் இல்லாதவர்கள். இணையம் இருந்தாலும் ஒரே கைபேசிக்கு மூன்று பிள்ளைகள் என்றால் இருவர் வகுப்பைத் தவறவிட வேண்டியதுதான். இதை வருகைப்பதிவேடு சொல்லாது.

வானொலிக்கு இந்தத் தொல்லை குறைவு. ஒரு பெட்டியைச் சுற்றி வீடே உட்காரலாம், டேட்டா தீராது. எபோலா தொற்றுக் காலத்தில் வானொலிப் பாடம் நடத்திய மேற்கு ஆப்பிரிக்க நாடான சியரா லியோன், 2020இல் அதையே தூசி தட்டி எடுத்தது. மெக்சிகோ தொலைக்காட்சியைப் பெரிதும் நம்பியது. குறையும் வெளிப்படை: புரியாத குழந்தைக்காக ஒலிபரப்பு நிற்காது.

இரண்டுமே எட்டாதவர்கள் குறைந்தது 46.3 கோடிக் குழந்தைகள் என்றது யுனிசெஃப்.

இணைப்பு அரிதான இடங்களில், அதிலும் தொடக்க வகுப்புகளுக்கு, ஒலிபரப்பையே முதலில் வைப்பேன். ஆசிரியர் அவ்வப்போது சாதாரணத் தொலைபேசியில் அழைத்துப் பேசுவதும் சேர வேண்டும். மேல்வகுப்புகளுக்கு இணையம் சரி, கருவியையும் டேட்டாவையும் கையில் கொடுத்த பிறகு.