கேம்பர் டிரெய்லர் கூடு: பிளைவுட்டா, அலுமினியமா?

காருக்குப் பின்னால் இழுத்துப்போய் உள்ளேயே தங்கிக்கொள்ளும் சின்ன கேம்பர் டிரெய்லர் கட்டித் தருவதைத் தொழிலாகத் தொடங்கும் நம்ம பக்கத்துத் தம்பிமார் முதலில் குழம்புவது கூட்டை எதில் கட்டுவது என்றுதான்.

எடை
பிளைவுட்: எட்டுக்கு நாலு அடி அளவில் 12 மி.மீ. மரைன் பலகை (ஈரம் தாங்கும் பசையால் ஒட்டிய பிளைவுட்) ஏறத்தாழ 23 கிலோ.
அலுமினியம்: அதே அளவில் 1.2 மி.மீ. தகடு 10 கிலோவுக்குள். சட்டம், ஃபோம் சேர்த்தாலும் இலேசுதான். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவு ஏற்றத்தில் சின்ன கார் இழுக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகவே தெரியும்.

வேலை
பிளைவுட்: ஊர்த் தச்சரே போதும். செலவும் குறைவு.
அலுமினியம்: ஆர்கான் வெல்டிங் பழகிய கை வேண்டும், இல்லையென்றால் ரிவெட் (தகடுகளைத் துளைத்து ஆணியடித்து இறுக்குவது).

ஈரம்
பிளைவுட்: குற்றாலச் சாரலில் இரண்டு மாதம் நின்றால் பலகையின் முகத்தைவிட விளிம்பிலும் திருகுத் துளையிலும்தான் தண்ணீர் ஏறும். துளையைப் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் (இரண்டு பொருளைக் கலந்தால் இறுகும் பிசின்) நிரப்பி, இறுகியபின் நடுவில் மறுபடி துளையுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் கூடு உளுத்துப்போகும்.
அலுமினியம்: உளுக்காது. ஆனால் உவரிக் கடற்கரை உப்புக்காற்றில் இரும்புத் திருகு தொடும் இடம் அரிக்கும். ஸ்டெயின்லெஸ் திருகும் நைலான் வாஷரும் போடுங்கள்.

வெயில்
பிளைவுட்: சூடு மெதுவாக இறங்கும்.
அலுமினியம்: உள்ளே 25 மி.மீ. ஃபோம் இல்லாமல் பகலில் உட்காரவே முடியாது.

முதல் வண்டி, கைமுதல் குறைவு, வாங்குபவர் வீட்டுக் கொட்டகையில் நிறுத்துவார் என்றால் பிளைவுட். வாடகைக்கு விட்டு வருஷம் முழுக்க மழையிலும் வெயிலிலும் நிற்கப்போகிற வண்டி என்றால், கூடுதல் செலவானாலும் அலுமினியமே சரி.