கிளிநொச்சியில் கார் ஏசி திருத்தப் போய் 85,000 ரூபாய் விட்ட கதை

பழைய கார் வைத்திருக்கிற ஆக்கள் இதை ஒருக்கா வாசியுங்கள். கராஜின் பெயரைப் போடவில்லை, கேட்டு இன்பொக்ஸுக்கு வரவும் வேண்டாம்.

என்னுடையது அப்பா ஓடின 82ஆம் ஆண்டு கொரோலா, கே.இ.70. பங்குனி வெயிலுக்குள் யாழ்ப்பாணம் போய்த் திரும்பும்போது ஆனையிறவு தாண்டினதும் ஏசி சூடான காற்றைத் தள்ளத் தொடங்கியது. பரந்தனில் நிறுத்தி இளநீர் குடித்துவிட்டு வந்து போட்டால் திரும்பக் குளிர், கொஞ்சத் தூரம் ஓட மறுபடியும் சூடு. "சண்டைக் காலத்தில மண்ணெண்ணெயில கார் ஓடின ஊரில உனக்கு ஏசி கேக்குதோ" என்றார் அப்பா.

அடுத்த நாள் கராஜ். பொடியன் பொனற்றைத் திறந்து ஒரு நிமிடம் பார்த்தான். "அண்ணை, கொம்பிரசர் சீஸ்." ஏசி காஸை அமுக்குகிற பம்ப் உள்ளே இறுகிச் சுற்றாமல் நின்றுவிட்டதாம். கேஜ் பூட்டிக் காஸ் பார்க்கவில்லை, மீற்றரும் எடுக்கவில்லை. சீஸ் ஆன சாமான் நான் இளநீர் குடித்துவிட்டு வருவதற்குள் எப்படிச் சுகமாகும் என்று கேட்க எனக்குப் புத்தி வரவில்லை. ரீகண்டிஷன் கொம்பிரசர், காஸ், கூலி எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய், பில் கொப்பித் தாளில். பழையதைக் கேட்டால் இரும்புக்குப் போட்டாச்சாம்.

ஊருக்குள் ஓடின ஒன்பது நாளும் ஒன்றும் தெரியவில்லை. பத்தாம் நாள் முறிகண்டி தாண்ட அதே சூடு. போன் எடுத்தால், "காஸ் லீக்காயிருக்கும், 12,000 வரும்."

பிறகு மாங்குளத்தில் வேலையை விட்டு வீட்டோடு இருக்கிற ஒரு மெக்கானிக் ஐயாவிடம் போனேன். அவர் காரைத் தொடவே இல்லை. என்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு வேம்பின் கீழ் பேப்பர் வாசித்தார், ஏசி நின்ற பிறகுதான் எழும்பி வந்தார். கொம்பிரசரில் பெல்ட் ஓடுகிற புல்லி சுற்றுகிறது, அதற்கு முன்னால் இருக்கிற கிளச் தகடு சும்மா நிற்கிறது. கரண்ட் வந்தால் கொயில் காந்தமாகி அந்தத் தகட்டைப் புல்லியோடு ஒட்ட இழுக்க வேண்டும், அப்போதுதான் கொம்பிரசர் சுற்றும். கிளச் வயரில் மீற்றர் 13 வோல்ட் காட்டியது. காஸ் இல்லையென்றால் பிரஷர் சுவிட்ச் அந்தக் கரண்டை வெட்டியிருக்கும், ஆகவே காஸ் பிரச்சினை இல்லை என்றார். ஒரு தடியால் தகட்டை மெல்லத் தள்ள 'டக்' என்று ஒட்டிக்கொண்டு சுழன்றது (இதை நீங்கள் செய்து விரலைக் கொடுக்காதேங்கோ). என்ஜினை நிறுத்தி பீலர் கேஜை (இடைவெளி அளக்கிற மெல்லிய தகடுகள்) விட்டால் புல்லிக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றருக்கு மேல். அரை மில்லிமீற்றர் அளவில்தான் இருக்க வேண்டும். தேயத் தேய இடைவெளி கூடும், கொயில் சூடானால் காந்தத்துக்குப் பலம் குறையும், அவ்வளவு தூரம் இழுக்க ஏலாது. ஆறினால் திரும்ப இழுக்கும். நடு நட்டைக் கழற்றி, தகட்டுக்குப் பின்னால் கிடந்த மெல்லிய வாஷர்களில் ஒன்றை எடுத்துவிட்டுப் பூட்டினார். காஸ் திறக்கவே இல்லை. கூலி 1,500 ரூபாய்.

அதோடு முடியவில்லை. "தம்பி, இதையோ புதுசா மாத்தினது?" என்று கொம்பிரசரை நகத்தால் சுரண்டினார். கறுப்பு ஸ்ப்ரே பெயின்ற் உரிந்தது. கீழே, அப்பா ஒருக்கா ஸ்பனரைத் தவறவிட்டு வந்த பிறை மாதிரி வெட்டு. என்னுடைய அதே கொம்பிரசர்!

கராஜுக்குப் போகமுன் சாமானைப் போனில் படம் எடுங்கள், மாற்றினால் பழையதைக் கையில் வாங்குங்கள். சீஸ் என்று சொன்னால் என்ஜினை நிறுத்திவிட்டு முன் தகட்டைக் கையால் சுற்றிக் காட்டச் சொல்லுங்கள், லேசாகச் சுற்றினால் அது சீஸ் இல்லை.

நேற்றுப் போய் அந்த வெட்டைக் காட்டினேன். பொடியன் 10,000 ரூபாயை எண்ணி நீட்டி, "பேஸ்புக்கில போட்டிடாதேங்கோ அண்ணை" என்றான். நான் வாங்கவில்லை.