உடையுமா என்பதல்ல, எதிர்ப்பல் என்ன ஆகும் என்பதே கேள்வி: மில்லிங் கேப்களோடு பத்து வருடம்

"டாக்டரம்மா, இது உடையாதுல்ல?" பல்லுக்கு மேல் உறை மாதிரி கேப் போட வருகிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். கம்ப்யூட்டரில் டிசைன் செய்து மெஷினில் கடைந்தெடுத்த கேப்களைப் பத்து வருடமாகப் போட்டு வருகிறேன். செக்கப்புக்கு வருகிறவர்களின் பல்லைப் படம் எடுத்து வைப்பது வழக்கம். அந்தப் படங்களை வரிசையாகப் பார்த்த பிறகு, உடைவதைவிட, கேப்போடு மோதிக் கடிக்கும் எதிர்ப்பல்லின் கதிதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது.

கேப் செய்யும் பீங்கான் வகையான ஜிர்கோனியாவை மெஷின் கடையும்போது அது சாக்பீஸ் மாதிரி இருக்கும். மாவு மாவாக உதிரும். உண்மையான அளவைவிட 20 முதல் 25 சதவீதம் பெரிதாகக் கடைந்து, சுமார் 1500 டிகிரி சூட்டில் வைத்தால் சுருங்கி இறுகும். கடைவாய்க்குப் பயன்படும் பழைய 3ஒய் வகை (எண், அதில் கலந்த இட்ரியாவின் மோல் சதவீதம்), 900 மெகாபாஸ்கல் (அழுத்தத்தின் அளவு) அழுத்தத்துக்கு மேல் தாங்கும். விரிசல் விழுந்தால் அதன் நுனியில் இருக்கும் துகள்கள் படிக வடிவம் மாறிப் பருத்து, விரிசலை நெருக்கி நிறுத்திவிடும். பல் நிறத்தில் பளபளவென்று வரும் 5ஒய் வகைக்கு இந்தக் குணம் கிடையாது, பலமும் ஏறக்குறைய பாதிதான். இரண்டுக்கும் பெயர் ஜிர்கோனியாதான். எந்த வகை என்று லேபில் கேட்டு வாங்குங்கள்.

லாரி ஓட்டும் அண்ணன் ஒருவருக்குக் கீழ்க் கடைவாயில் 3ஒய் கேப் போட்டேன். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர். ஒட்டின பிறகு கடி கொஞ்சம் உயரமாக இருந்ததால் வைரத்தூள் பதித்த பர் என்ற சுழலும் கருவியை வைத்துத் தேய்த்துச் சரிசெய்தேன். வெளியே கூட்டம். பாலிஷ் செய்யாமல் அனுப்பிவிட்டேன். "நாக்குல சொரசொரன்னு படுது டாக்டரம்மா" என்றார். "பழகிடும்ண்ணே" என்றேன்.

மூன்று வருடம் கழித்து வந்தார். கேப்பில் கீறல்கூட இல்லை. அதற்கு மேலே இருந்த அவருடைய சொந்தப் பல்லின் மேடு தட்டையாகி, வெளி ஓடான எனாமல் போய், நடுவில் அதன் அடியில் இருக்கும் டென்டின் மஞ்சளாகத் தெரியக் குழி விழுந்திருந்தது. சாதாரணமாகக் கடைவாய் எனாமல் வருடத்துக்கு 30 மைக்ரான் அளவில் தேய்வது இயல்பு. இது அந்தக் கணக்கில் அடங்குகிற தேய்மானமே இல்லை. தப்பு பொருளில் இல்லை, என் கையில்.

ஜிர்கோனியா கடினமானது, அதனால் எதிர்ப்பல்லைத் தின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். கடினம் அல்ல, சொரசொரப்புதான் தின்கிறது. நன்றாகப் பாலிஷ் செய்த ஜிர்கோனியா எனாமலிடம் மிகவும் சாதுவாக நடந்துகொள்ளும். மேலே பூசும் கிளேஸ் மெல்லிய கண்ணாடிப் படலம் மட்டுமே. அது தேய்ந்து போனதும் அடியில் இருக்கும் கரடு வெளியே வரும். அதனால் கடிக்கிற இடத்தில் கிளேஸை மட்டும் நம்புவதை விட்டுவிட்டேன்.

அடுத்தது ஐபிஎஸ் இமேக்ஸ் கேட் என்ற கண்ணாடிப் பீங்கான். கத்தரிப்பூ நிறத்தில் வரும் பிளாக், 850 டிகிரி பர்னஸில் இருந்து பல் நிறத்தில் வெளியே வருவதை இன்றும் நின்று பார்ப்பேன். முன்பற்களுக்கும் சிறு கடைவாய்க்கும் இதைவிட அழகாக வேறு எதுவும் எனக்கு அமையவில்லை. ஒரே ஒரு முறை கடைசிக் கடைவாயில் இடம் போதாமல் மெல்லியதாக வைத்தேன், நடுப்பள்ளத்தில் இரண்டாகப் பிளந்தது. பலம் எண்ணில் மட்டும் இல்லை, கனத்திலும் இருக்கிறது.

வீட்டா எனாமிக் வேறு ரகம். எடையில் 86 சதவீதம் பீங்கான், 14 சதவீதம் பிளாஸ்டிக் மாதிரியான ரெசின். 150, 160 மெகாபாஸ்கல்தான். ஆனால் டென்டினுக்கும் எனாமலுக்கும் நடுவான நெகிழ்வு இருப்பதால் கடி மெத்தென்று விழும். எதிர்ப்பல்லைத் தேய்க்காமல் தானே தேயும். சில வருடத்தில் பளபளப்பு மங்கும், ரப்பர் வீலில் ஐந்து நிமிடம் கொடுத்தால் திரும்பி வரும். இதை ஓட்டையை அடைக்கும் இன்லே, ஆன்லே வேலைக்கே வைத்திருக்கிறேன். ரெசின் கலந்த இன்னொரு பிளாக்கான லாவா அல்டிமேட்டில் கேப்கள் எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் கழன்றதால், முழுக் கேப்புக்கு வேண்டாம் என்று அதன் நிறுவனமே 2015இல் அறிவித்தது. அதிலிருந்து ரெசின் கலந்த எதிலும் முழுக் கேப் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

லாரி அண்ணனின் மேல்பல்லை பல் நிறப் பூச்சான கம்போசிட் வைத்து மூடி, கீழ்க் கேப்பை வாயிலேயே மூன்று படிகளாக, கரடு வீலில் தொடங்கி மெல்லிய வீல் வரை பாலிஷ் செய்தேன். இரவில் பல்லுக்கு மேல் மாட்டிக்கொள்ள நைட் கார்டும் கொடுத்தேன். அடுத்த இரண்டு வருடப் படங்களில் அந்த இடம் அப்படியே இருக்கிறது. இப்போது யாருக்குக் கேப் ஒட்டினாலும் எழுந்து போகும் முன் ஒன்று கேட்கிறேன்: "நாக்கால தடவிப் பாருங்க, எங்கேயாவது சொரசொரன்னு இருக்கா?" இருக்கிறது என்றால் மறுபடியும் வீலை எடுக்கிறேன், வெளியே எத்தனை பேர் காத்திருந்தாலும்.