எங்கட ஊர் பல்நோக்கு மண்டபம்: மூணு கிழமை இருந்து பார்த்து எழுதுற ரிவியூ

கடைக்கும் ஹோட்டலுக்கும் ரிவியூ எழுதுறம், நம்மட வரிக் காசில கட்டின மண்டபத்துக்கு ஆரும் எழுதி நான் காணல்ல, அதால நான் எழுதுறன். மட்டக்களப்புப் படுவான்கரையில மண்முனைப் பாலம் தாண்டி உள்ளுக்குப் போற ஊர் ஒண்டு. பேர் போடல்ல, ஏனெண்டா ஆரையும் மாட்டி விடுறதுக்கு எழுதல்ல, மண்டபம் ஒழுங்கா நடக்கணும் எண்டுதான் எழுதுறன். முதல் 5 ஸ்டாருக்கு 2 போட்டிருந்தன், இப்ப 3.

கட்டடம் நல்ல கட்டடம், அதில குறை சொல்ல ஏலாது. 2024 நவம்பர் வெள்ளத்தில ரோட்டெல்லாம் தண்ணி நிக்கக்குள்ள இதுக்குள்ள ஒரு சொட்டு ஏறல்ல, கூரை ஒழுகல்ல, எங்கட வீட்டு ஆக்களோட சேர்த்து பதினாலு குடும்பம் நாலு நாள் அங்கதான் படுத்த. கட்டினவங்களுக்கு அதுக்கு மனசார நன்றி சொல்றன். ஆனா முதல் நாள் ராவு நடந்ததையும் சொல்லணும். திறப்பு வச்சிருந்தவர் டவுனுக்குப் போய் வர ஏலாம மாட்டிப்பட்டுட்டார், போனும் வேல செய்யல்ல, கைக்குழந்தையோட நிண்ட புள்ளைகள் ரெண்டு மணித்தியாலம் விறாந்தையில சாரலுக்க நனைஞ்ச பிறகுதான் பூட்டை உடைச்சம். ஊர் ஆக்களுக்குக் கட்டின கட்டடத்தை ஊர் ஆக்களே உடைச்சுத் திறக்கிறதெண்டா இது ஆருக்குக் கட்டினது எண்டு அண்டைக்குத்தான் எனக்குக் கேள்வி வந்த.

வாசல்ல பலகையில முதியோர், மாதர், சிறுவர் பயன்பாட்டுக்கு எண்டு எழுதிக் கிடக்கு. சரி, அந்த மூணு பேரும் வாறாங்களா எண்டு பார்ப்பம் எண்டு ஒரு கொப்பி வாங்கினன். மூணு கிழமை, வேலை நாள்ல மட்டும், காலம்பற ஒம்பதில இருந்து பன்னிரண்டு வரைக்கும், பின்னேரம் நாலில இருந்து ஏழு வரைக்கும் எதிர்ல உள்ள கடை வாங்கில இருந்து எழுதினன். ஆரு வாறது, ஆம்பிளையா பொம்பிளையா, வயசு எவ்வளவு இருக்கும், எத்தின மணி, உள்ளுக்குப் போய் என்ன செய்த எண்டு. இதோட இன்னொண்டும் எழுதினன், அதுதான் முக்கியம் எண்டு மறுகா விளங்கின: வந்து பூட்டைப் பார்த்துப்போட்டுத் திரும்பிப் போன ஆக்கள்.

பதினஞ்சு நாள்ல ஆறு நாள்தான் திறந்தாங்க. அதில நாலு நாள் வெளியில இருந்து உத்தியோகத்தர் வந்த கூட்டம். திரும்பிப் போன ஆக்கள் நாப்பத்தொரு பேர், முக்காவாசி பொம்பிளைகள், அதுவும் அஞ்சு மணிக்குப் பிறகு. ஏன் அந்த நேரம் எண்டா அது பெரும்போக வேளாண்மை வெட்டுக் காலம், வட்டைக்குப் போற பொம்பிளைகள் வீட்ட வந்து குளிச்சு உலை வச்சுப்போட்டு வெளிக்கிடவே அஞ்சு மணி தாண்டும், மண்டபம் திறந்தாலும் நாலு மணிக்குப் பூட்டு. கந்தோர் நேரத்துக்கு மண்டபத்தைத் திறந்து வச்சுப்போட்டு மாதர் வாறல்ல எண்டு கூட்டத்தில குறை சொன்னா அவங்க என்ன செய்யிற. வயசான ஆக்கள் பத்துப் பேருக்குக் குறையாம ஒவ்வொரு பின்னேரமும் வேம்புக்குக் கீழ கட்டையில இருந்தாங்க, சுவருக்கு அங்கால ஃபேன் பூட்டின அறையில அம்பது கதிரை சும்மா அடுக்கிக் கிடந்த.

எங்கட மாமியையும் ஒரு நாள் கூட்டிப் போனன். அப்பாட அக்கா, பாரிசவாதம் வந்ததில இருந்து வீல் செயார்லதான். சரிவுப் பாதை ஒண்டு கட்டித்தான் இருக்காங்க, கடுதாசில பார்த்தா அது சரி எண்டுதான் வரும். நான் டேப் வச்சு அளந்தன், வாசல் தரையில இருந்து ரெண்டடி உயரம், சரிவு ஒம்பதடி நீளம். கட்டட வேலை தெரிஞ்சவங்களிட்டக் கேட்டா ஒரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேணும் எண்டு சொல்றாங்க, அப்ப இருவத்துநாலடி வரணும். பாதி ஏறக்குள்ளயே வீல் செயார் பின்னுக்கு வழுகின, நானும் மச்சானும் பிடிச்சம். மேல போனா வாசல் படி இன்னும் நாலு இஞ்சி நிக்கு. மாமி சொன்னா, "என்னத் தூக்காத மனே, நான் மரத்துக்குக் கீழயே இரிக்கன்." மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 1996ல வந்த, பொதுக் கட்டடங்களுக்கு அவங்க போய் வர வசதி இருக்கணும் எண்ட ஒழுங்குவிதி 2006ல வந்த. இந்த மண்டபம் அதுக்கெல்லாம் பிறகு கட்டினது.

உள்ளுக்கு ஆறு தையல் மெசின். ரெண்டுதான் ஓடுது, மத்த நாலும் வந்த பொலித்தீன் உறையோடயே நிக்கு, ஒண்டிட சக்கரத்துக்க பல்லி முட்டை இட்டிருந்த. பழக்கிறதுக்கு ஒரு ஆள் ஆறு மாசம் வந்து நிண்டு போச்சு எண்டாங்க. டொய்லட் ரெண்டு, ஒண்டுக்குள்ள ஒடைஞ்ச கதிரை.

இதே மண்டபத்தில ஒரு வேலை மட்டும் சொல்லி வச்ச மாதிரி நடக்குது, குழந்தைகளுக்கு நிறை பார்க்கிற நாள். அண்டைக்கு விறாந்தை நிறைய தாய்மார். என்ன வித்தியாசம் எண்டு பார்த்தா, குடும்பநல மாது முதல் மாசமே திகதியைக் கார்ட்டில எழுதிக் குடுக்கிறா, திறப்பை முதல் நாளே வாங்கி வச்சிருக்கிறா, தாய்மாருக்கு ஏலுற நேரத்தைக் கேட்டு வச்சிருக்கிறா. அவ்வளவுதான், இதுக்கு ஒரு சதம் கூடச் செலவில்ல.

மண்டபத்துப் பதிவுப் புத்தகத்தையும் கேட்டுப் பார்த்தன். கூட்டம் நடந்த திகதி, வந்த தொகை, கையெழுத்து, இதான் கிடக்கு. ஆம்பிளை எத்தின, பொம்பிளை எத்தின, அறுவது தாண்டினவங்க ஆரும் வந்தாங்களா எண்டு அதில ஒண்டும் இல்ல, பூட்டிக் கிடந்த நாளும் இல்ல. மேல போற அறிக்கை இதைப் பார்த்து எழுதினா மண்டபம் நல்லா ஓடுது எண்டுதான் போகும், பொய் எழுதவே தேவையில்ல.

மறுகா தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில கேட்டன். 2016ம் ஆண்டு 12ம் இலக்கச் சட்டம், 2017ல இருந்து நடைமுறையில இருக்கு, நம்மட ஆக்கள் இன்னும் பயப்படுறாங்க. என்னத்துக்குக் கேக்கிறாய் எண்டு காரணம் சொல்லத் தேவையே இல்ல, எழுத ஏலாதவங்க வாயால சொன்னாலும் தகவல் உத்தியோகத்தர் எழுதித் தரணும், பதினாலு வேலை நாளுக்குள்ள தாறதா இல்லையா எண்டு முடிவு சொல்லணும். அதே சட்டத்தில 9ம் பிரிவு, உள்ளூர் நிதியில 5 இலட்சத்துக்கு மேல வாற வேலையெண்டா தொடங்க மூணு மாசத்துக்கு முதலே விபரம் சனத்துக்குத் தெரியப்படுத்தணும் எண்டு சொல்லுது. அப்பவே கேட்டிருந்தா சரிவுப் பாதையை வரைபடத்திலயே பிடிச்சிருக்கலாம். எனக்கு வந்த பதில்ல ஒரு விசயம் தெளிவாச்சு, கட்டடம் ஒரு பக்கம், தளபாடம் ஊர்ச் சங்கத்துப் பக்கம் எண்டு பிரிச்சுப் பாரம் குடுத்திருக்காங்க, அதால டொய்லட் திருத்த ரெண்டு பக்கமும் மற்றப் பக்கத்தைக் கை காட்டுறாங்க. இடையில 2023 மார்ச்சில உள்ளூராட்சி சபைகள் கலைஞ்சு 2025 மே தேர்தல் வரைக்கும் போய்க் கேக்க உறுப்பினரும் இல்ல.

கொப்பியைச் சங்கக் கூட்டத்துக்குக் கொண்டு போனன். செயலாளருக்கு முதல் கோவம்தான், நீ எங்களை உளவு பார்த்தியா எண்டு கேட்டார். நான் நாப்பத்தொரு பேரிட நேரத்தை வாசிச்சன், பேர் வாசிக்கல்ல. பின்னுக்கு இருந்த ஒரு அக்கா எழும்பி, அதில ரெண்டு தரம் வந்து போனது நான்தான் எண்டா. அதுக்குப் பிறகு கதை மாறின. இப்ப செவ்வாயும் வெள்ளியும் பின்னேரம் அஞ்சரையில இருந்து எட்டு மணி வரைக்கும் திறக்கிறாங்க, ரெண்டாவது திறப்பு பக்கத்து வீட்டுப் பெரியம்மாட்ட இருக்கு, மழை காலத்தில எந்த ராவும் கூப்பிடலாம். பதிவுப் புத்தகத்தில வயசுக்கும் ஆண் பெண்ணுக்கும் கோடு போட்டாச்சு, பூட்டிக் கிடந்த நாளுக்கும் ஒரு கோடு. டொய்லட்டில கிடந்த கதிரையை எடுத்தாச்சு. மூணாவது ஸ்டார் இதுக்குத்தான்.

தையல் மெசினுக்குப் பழக்க ஆள் இன்னும் வரல்ல. சரிவுப் பாதைக்கு எழுதிக் குடுத்திருக்கம், புதுசா வந்த உறுப்பினர் வந்து பார்த்து அவரும் டேப் பிடிச்சு அளந்தார். அது வரைக்கும் வீல் செயார்ல வாற ஆக்கள் பின் கதவால வாங்க, அங்க படி ஒண்டுதான், பலகை போட்டு வச்சிருக்கம், பெரியம்மாட்டச் சொன்னா திறந்து விடுவா.