கெடாவா, பிவிடி டிம் ஹாலா: நீட் மனப்பாடத்துக்கு எது கைகொடுக்கும்?

நீட் தாளில் 180 கேள்விகள், அதில் 90 உயிரியல், 720 மதிப்பெண்ணில் சரிபாதி அந்த ஒரு பாடத்தில்தான் கிடக்கிறது. பெயர் பெயராக, பட்டியல் பட்டியலாக வரும் பாடம். அதனால் பிள்ளைகள் நோட்டின் கடைசிப் பக்கங்களில் ஷார்ட்கட் வாக்கியங்களைச் சேர்த்துவைக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். அக்கா மகள் நோட்டைப் புரட்டினேன், அறுபதுக்கும் மேல் இருந்தன. ஒன்றைக் காட்டி இது எதுக்கும்மா என்று கேட்டால், "வாக்கியம் நல்லா ஞாபகம் இருக்கு மாமா, எந்தப் பாடத்துக்குன்னுதான் தெரியல" என்கிறாள். சரி, இதில் எதுதான் உருப்படி என்று இரண்டு மாதம் அவளோடு உட்கார்ந்து பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலில் யூடியூபில் கிடைக்கும் ரெடிமேட் சரக்கு. இதில் பாதி இந்தியில் இருக்கிறது. தனிம அட்டவணையின் முதல் தொகுதிக்கு "ஹலீனா கி ரப் சே ஃபரியாத்" என்று ஒன்று: ஹைட்ரஜன், லித்தியம், சோடியம், பொட்டாசியம், ருபிடியம், சீசியம், பிரான்சியம் ஏழும் அதற்குள் வந்துவிடும். கடவுளிடம் ஹலீனா முறையிடுகிறாள் என்று பொருள். இந்தி பேசும் பையனுக்கு அது ஒரு காட்சி, பட்டென்று ஒட்டிக்கொள்ளும். நம் பிள்ளைக்கோ ஏழு தனிமத்தோடு புரியாத ஒரு வாக்கியமும் சேர்ந்து எட்டுச் சுமை.

அடுத்து ஆங்கில எழுத்துச் சுருக்கங்கள். அத்தியாவசிய அமினோ அமிலங்களுக்கு, அதாவது உடம்பு தானே செய்துகொள்ள முடியாமல் சாப்பாட்டிலிருந்து எடுக்க வேண்டியவற்றுக்கு, எல்லோரும் சொல்வது "பிவிடி டிம் ஹால்" (PVT TIM HALL). பத்து எழுத்து, பத்துப் பெயர், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் எழுத்து மட்டும் கையில் இருந்தால் என்ன ஆகும் பாருங்கள். பி என்றதும் பினைல் அலனினா, புரோலினா? ஏ என்றால் அர்ஜினைனா, அலனினா? டி இரண்டு முறை வருகிறது, திரியோனின், டிரிப்டோபன். என் மருமகள் அந்த இடத்தில் டைரோசினைப் போட்டுவிட்டு ரொம்ப நம்பிக்கையோடு அடுத்த கேள்விக்குப் போனாள். சரியான விடைக்கு 4 வரும், தவறானதற்கு 1 போகும்; தெரியாது என்று விட்டிருந்தால்கூட அந்த ஒன்று மிஞ்சியிருக்கும். அரைகுறையாக ஞாபகம் இருக்கும் ஷார்ட்கட்டால் வரும் வினை இதுதான், தெரியாததைத் தெரிந்த மாதிரி காட்டிவிடும். அப்புறம் ஒரே ஒரு விஷயம் சொன்னேன்: டைரோசினை நம் உடம்பே பினைல் அலனினிலிருந்து செய்துகொள்கிறது, அந்த வேலையைச் செய்யும் நொதி இல்லாமல் பிறந்தால் வருவதுதான் பினைல்கீட்டோனூரியா. அந்த நோய் பன்னிரண்டாம் வகுப்பு மரபியல் பாடத்தில் ஏற்கெனவே படித்ததுதான். இரண்டும் கோத்துக்கொண்டன, அதற்குப் பிறகு டைரோசினில் அவள் தடுமாறவே இல்லை.

அப்போ ஷார்ட்கட்டே வேண்டாமா என்றால், அப்படி இல்லை. காரணம் என்று எதுவும் இல்லாத தகவலுக்கு அது வேண்டும், நாமே தமிழில் செய்துகொண்டால் இன்னும் நல்லது. கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் கே, ஈ, டி, ஏ. சேர்த்துச் சொன்னால் கெடா! கெடா வெட்டில் சாப்பிட்டவனுக்குக் கொழுப்பைத் தனியாக நினைவூட்ட வேண்டுமா? இதயத்தில் எந்தப் பக்கம் எந்த வால்வு என்பதும் இப்படித்தான்: இடது, ஈரிதழ், மோனை தானாகவே அமைகிறது, மிச்சமிருக்கும் மூவிதழ் வலது பக்கம் போய்விடும். நம் ஊருக்கு இதெல்லாம் புதிதும் இல்லை. எட்டுத்தொகை நூல்களை "நற்றிணை நல்ல குறுந்தொகை" என்று தொடங்கும் வெண்பாவில் அடுக்கி வைத்தவர்கள்தானே நாம். அதில் கவனிக்க வேண்டியது, ஆங்கிலச் சுருக்கம் மாதிரி எழுத்தை மட்டும் வெட்டிவைக்காமல் பெயரையே ஓசைக்குள் உட்காரவைத்திருக்கிறார்கள், ஊகிக்க வேண்டிய வேலையே கிடையாது.

மூன்றாவது வழி, சொல்லையே உடைத்துப் பார்ப்பது. பாலணுக்கள் உருவாகும்போது நடக்கும் செல் பிரிவான குன்றல் பகுப்பில், முதல் புரோஃபேஸ் என்ற கட்டத்தில் ஐந்து நிலைகள் இருக்கின்றன, அதற்கும் ஏதோ ஒரு வரிக்குதிரை வாக்கியம் அவள் நோட்டில் இருந்தது. வாக்கியம் வரிசையைத் தரும், என்ன நடக்கிறது என்பதைத் தராது. முதல் நான்கின் பெயரை உடைத்துப் பாருங்கள்: லெப்டோ என்றால் மெலிவு, ஸைகோ என்றால் நுகம், பேக்கி என்றால் தடிப்பு, டிப்ளோ என்றால் இரட்டை, எல்லாம் கிரேக்கம். நுகத்தடியில் இரண்டு மாட்டைப் பூட்டுகிற படத்தை மனதில் போட்டுக்கொண்டால் ஸைகோட்டீனில் ஒத்த குரோமோசோம்கள் ஜோடி சேர்வதை மறக்க முடியுமா? செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் கிரெப்ஸ் சுழற்சிக்கும் ஷார்ட்கட்டைவிட, வட்டம் வரைந்து கார்பனை எண்ணுவதுதான் சரி: சிட்ரேட்டில் 6, ஆல்ஃபா கீட்டோகுளூட்டரேட்டில் 5, சக்சினைல் கோஏவில் 4. எங்கே குறைகிறதோ அங்கே கார்பன் டை ஆக்சைடு வெளியேறியிருக்கிறது. கூற்று, காரணம் என்று கேட்கும் கேள்விகளுக்கு இந்த வழிதான் தாங்கும். நேரம் அதிகம் எடுக்கும், மறுக்கவில்லை.

கடைசியாகக் கேள்வி அட்டைகள். முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் பதில், தெரியாததை நாளைக்கும் தெரிந்ததைச் சில நாள் கழித்தும் எடுப்பது. லைட்னர் என்ற பத்திரிகையாளர் 1972இல் அட்டைப்பெட்டி வைத்துச் சொன்னதை இப்போது அன்கி செயலி இலவசமாக ஆண்ட்ராய்டில் செய்கிறது. ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், திரும்பத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்ததில் தன்னைத்தானே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். டன்லோஸ்கி என்ற உளவியலாளரின் குழு 2013இல் பத்துப் படிப்பு முறைகளை அலசியபோதும் சுயசோதனைக்கும் இடைவெளி விட்டுப் படிப்பதற்கும்தான் உயர்ந்த இடம், ஒலி ஒத்த வேறொரு சொல்லையும் மனப்படத்தையும் வைத்து ஞாபகம் வைக்கும் உத்திக்குக் கீழ் இடம். ஆனால் அட்டை போல எரிச்சல் தரும் வேலை வேறு இல்லை. ஒவ்வொரு அட்டையும் உனக்குத் தெரியவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்லும், ஷார்ட்கட் வீடியோ பார்க்கும்போது வருகிற அந்தக் குஷி இதில் சுத்தமாகக் கிடையாது. பாதிப் பிள்ளைகள் இரண்டாம் வாரமே விட்டுவிடுவதில் எனக்கு ஆச்சரியம் இல்லை.

நான் கட்சி சேர்வது அட்டை பக்கம். கெடாவையும் நுகத்தடியையும் அட்டையின் பின்பக்கம் எழுதிவைத்தால் போதும், தனி நோட்டு எதற்கு? அந்த அறுபது வாக்கியத்தில் பதினொன்றுதான் இப்போது மிஞ்சியிருக்கிறது. ஹலீனாவை அடித்துவிட்டு முதல் தொகுதிக்கு அவளே ஒன்று செய்திருக்கிறாள், அதில் என் பெயர் வருகிறது, மரியாதையாக இல்லை.